‘வரும்’ என்பதும் ‘வந்தால்’ என்பதும்

எதிர்காலத்தைப் பற்றி நம்ம ஊரில் பேசுகிறவர்களைக் கொஞ்ச நேரம் கவனித்தால் இரண்டு வகை வாக்கியங்கள் காதில் விழும். ஒன்று ‘வரும்’ வகை. “நாலுவழிச் சாலை வரும், வயலு போகும்.” “இனி எல்லாத்துக்கும் மிஷின்தான் வரும்.” “பிள்ளைய பெங்களூருக்கு அனுப்பிரு மக்கா, இங்க ஒண்ணும் மிஞ்சாது.” இதில் பேசுகிறவருக்கு வேலையே கிடையாது. மழையைச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் போகலாம். இன்னொன்று ‘வந்தால்’ வகை. “தண்ணி வரலைன்னா நாம எல்லாரும் சேர்ந்து போய்க் கேக்கணும்.” இதில் ஒரு நிபந்தனை இருக்கிறது, ஒரு ‘நாம’ இருக்கிறது, செய்ய ஒரு காரியமும் இருக்கிறது.

நான் பிழைப்புக்கு எழுதுவது மென்பொருள். ‘இப்படி நடந்தால் இதைச் செய்’ என்பது நாள் முழுக்கக் கைபடும் வாக்கிய அமைப்பு. அதனால்தானோ என்னவோ, நாஞ்சில் நாட்டின் பழைய ஊர்க்கூட்டத் தீர்மானங்களைப் பற்றிப் படித்தபோது முதலில் கண்ணில் பட்டது அந்த அமைப்புதான். மக்கள் கூடி உட்கார்ந்து பேசும்போது எதிர்காலம் பற்றிய அவர்களது மனநிலைக்கு என்ன நேர்கிறது? அரசியல் கோட்பாட்டாளர்கள் இன்றைக்கு ஆய்வு செய்யும் இந்தக் கேள்விக்கு, மயிலாடியைச் சுற்றிப் பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள்ளேயே முந்நூறு வருடத்துச் சான்று கிடக்கிறது.

பன்னிரண்டு பிடாகை

நாஞ்சில் நாடு என்பது ஏறக்குறைய இன்றைய தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்கள். பழையாற்றுப் பாசனம், நெல், குளங்கள். நிர்வாகத்துக்காக 12 பிடாகைகளாகப் பிரித்திருந்தார்கள். ஒவ்வொரு பிடாகையும் சில ஊர்களின் தொகுப்பு. பிடாகைக்காரர்கள் கூடும் கூட்டம் நாட்டார் கூட்டம்.

பதினேழாம் நூற்றாண்டின் கடைசியிலும் பதினெட்டின் தொடக்கத்திலும் இந்த ஊர்களின் நிலைமை பரிதாபம். மலையாளக் கரைக்கும் பாண்டி நாட்டுக்கும் இடையே கிடக்கும் செழிப்பான வயல்கள் என்பதால் இரண்டு பக்கத்துக்காரர்களுக்கும் கண். திறை கேட்டு மதுரை நாயக்கர் படை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக உள்ளே வரும். ராணி மங்கம்மாள் காலத்துப் படையெடுப்பு அதில் பேர்போனது. படை போன பிறகு வேணாட்டு அரசரின் அதிகாரிகள் வந்து வரி கேட்பார்கள். விளைந்ததை ஒருவர் கொண்டுபோயிருப்பார், வரியை இன்னொருவர் கேட்பார்.

இந்தக் காலத்தில் நாட்டார் பலமுறை கூடியிருக்கிறார்கள். கூடி எடுத்த முடிவுகளை ஓலையில் எழுதி வைத்திருக்கிறார்கள். அழகியபாண்டிபுரம் பெரியவீட்டு முதலியார் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகக் கிடந்த ஓலைக்கட்டுகள் வழியாக அந்த உலகம் நமக்குத் தெரியவந்தது. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அவற்றைத் தேடிப் படித்து ஆராய்ந்தார். பிறகு அ.கா. பெருமாள் ‘முதலியார் ஓலைகள்’ என்று புத்தகமாகவே கொண்டுவந்தார்.

தீர்மானங்களின் சாரம் இதுதான்: வழக்கத்துக்கு மாறான புது வரியைக் கொடுப்பதில்லை. அதற்காக நம்மில் ஒருவருக்குத் தொல்லை வந்தால் எல்லோரும் சேர்ந்து நிற்பது. ஒருவருக்கு இழப்பு நேர்ந்தால் பொதுவில் ஈடுகட்டுவது.

இதில் ‘நம்பிக்கை’ என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. நல்ல காலம் பிறக்கும் என்று யாரும் சொல்லவில்லை. நாயக்கர் படை வராது என்றோ அரசர் மனம் மாறுவார் என்றோ அவர்கள் நினைத்திருக்க வாய்ப்பில்லை. அவர்கள் செய்தது ஒன்றே ஒன்று: ‘வரும்’ என்று இருந்ததை ‘வந்தால்’ என்று மாற்றி எழுதினார்கள். கூட்டத்துக்கு முன்னால் ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனியாக இருந்தது பயம். கூட்டத்துக்குப் பின்னால் அது எல்லோருக்கும் பொதுவான கவலை ஆனது. பயத்துக்கும் கவலைக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. பயத்துக்கு உருவம் கிடையாது, இன்னதுதான் என்று சொல்லவும் முடியாது. கவலையைப் பங்கு போடலாம். இதை நீ பாத்துக்கோ, அதை நான் பாத்துக்கிடுதேன் என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போகலாம்.

1729இல் மார்த்தாண்ட வர்மா பட்டத்துக்கு வந்தார். சிதறிக் கிடந்த அதிகாரத்தையெல்லாம் அரண்மனைக்குள் இழுத்தார். உள்ளூர்ப் பிரபுக்களை ஒடுக்கினார், நிலையான படை வைத்தார். நாட்டார் கூட்டங்களின் பழைய பலம் அதோடு தேய்ந்தது. ஆனால் பழக்கம் முழுசாகச் சாகவில்லை. 1799இல் கட்டாய வசூலுக்கு எதிராகத் தலக்குளத்து வேலுத்தம்பி தெற்குத் திருவிதாங்கூர் மக்களைத் திரட்டித் திருவனந்தபுரம் போனார், கேட்டதை வாங்கினார். அவரே பிறகு தளவாய் ஆகி, கடுமைக்குப் பேர்போனவரும் ஆனார் என்பது வரலாற்றின் குசும்பு.

அந்த ‘நாம்’ எவ்வளவு பெரிது?

இதுவரை சொன்னதை இப்படியே விட்டால் நல்ல பழம்பெருமைக் கட்டுரை ஆகிவிடும். ‘பார்த்தீர்களா, அந்தக் காலத்திலேயே நம்மிடம் ஜனநாயகம்’ என்று வாட்ஸாப்பில் அனுப்பலாம். பிரச்சினை என்னவென்றால், அதே முதலியார் வீட்டு ஓலைக்கட்டுகளில் இன்னொரு வகை ஆவணமும் இருக்கிறது. அடிமை ஓலை. வயலில் நட்டவர்களையும் அறுத்தவர்களையும் விற்றதற்கும் வாங்கியதற்குமான பத்திரங்கள்.

தமிழில் ‘நாம்’, ‘நாங்கள்’ என்று இரண்டு சொல் வைத்திருக்கிறோம். கேட்பவரையும் சேர்த்தால் நாம். அவரை வெளியே நிறுத்தினால் நாங்கள். நாட்டார் கூட்டத்தில் உட்கார்ந்தவர்கள் நிலம் உடையவர்கள், ஆண்கள், பெரும்பாலும் வேளாளர்கள். தங்களுக்குள் அவர்கள் ‘நாம்’. வயலில் நின்றவர்களுக்கு அது ‘நாங்கள்’. கூட்டத்தில் உட்கார்ந்தவருக்கு எதிர்காலம் ‘வந்தால்’ ஆனது. வெளியே நின்றவருக்கு அது ‘வரும்’ ஆகவே இருந்தது. படை வந்தாலும் சரி, வரி வந்தாலும் சரி, நாட்டார் வென்றாலும் தோற்றாலும் சரி.

மயிலாடி இந்தக் கதைக்குள் வருவது இங்கேதான். சாம்பவர் சமூகத்தில் பிறந்த மகாராசன் தஞ்சாவூர்ப் பக்கம் போய், அங்கே கிறிஸ்தவராகி, வேதமாணிக்கம் என்ற பெயரோடு மயிலாடிக்குத் திரும்பினார். அவரைத் தொடர்ந்து 1806இல் ரிங்கல்தவுபே என்ற ஜெர்மானிய மிஷனரி திருவிதாங்கூருக்குள் வந்தார். மயிலாடி அவருக்கு மையம் ஆயிற்று. 1809இல் இங்கே ஆலயம் எழுந்தது. நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியின் வேரும் அந்த வருடம் மயிலாடியில் தொடங்கிய பள்ளியில்தான் இருக்கிறது. அதே 1809இல், பக்கத்தில் ஆரல்வாய்மொழிக் கோட்டையை உடைத்துக்கொண்டு ஆங்கிலேயப் படை உள்ளே வந்தது, வேலுத்தம்பியின் கிளர்ச்சி முடிந்தது. சரித்திரப் பாடத்தில் நாம் படிப்பது அந்த இரண்டாவது செய்தியைத்தான்.

மதமாற்றத்தின் சரி தவறு வேறு விவாதம். நான் கவனிப்பது ஒரு சின்ன விஷயத்தை. எந்த அவையிலும் இடம் இல்லாதவர்களுக்கு வாரம் ஒருமுறை ஒரே கூரையின்கீழ் உட்கார ஓர் இடம் கிடைத்தது. எழுத்துக் கற்க ஒரு திண்ணை கிடைத்தது. உட்காரும் இடம் கிடைத்தவர்கள் பேசத் தொடங்குவார்கள். அடுத்த ஐம்பது வருடத்தில் தெற்குத் திருவிதாங்கூர் கண்ட மாற்றங்களை வரிசையாகப் பாருங்கள்: தோள்சீலைக் கலகங்கள், 1855இல் அடிமை ஒழிப்பு, 1859இல் நாடார் பெண்கள் மேலுடம்பை மறைத்துக்கொள்ள அனுமதித்த அரசு அறிவிப்பு. இதற்கெல்லாம் பல காரணங்கள் உண்டு. ஆங்கிலேய அரசின் நெருக்கடியும் அதில் ஒன்று. ஆனாலும் ‘இது இப்படியேதான் இருக்கும்’ என்று நினைத்தவர்கள் ‘இது ஏன் இப்படி இருக்கணும்?’ என்று கேட்கும் இடத்துக்கு நகர்ந்திருந்தார்கள். தனியாக இருப்பவர் அந்தக் கேள்வியை மனசுக்குள் கேட்பார். கூட இருப்பவர்கள் உண்டென்றால்தான் வாய்விட்டுக் கேட்பார்.

ஐந்தாவது மனைவி பேசுகிறாள்

1904இல் திருவிதாங்கூர் அரசு ஸ்ரீமூலம் பிரஜா சபையைத் தொடங்கியது. 100 உறுப்பினர்கள், பெரும்பாலும் நிலவுடைமையாளர்களும் வியாபாரிகளும். சட்டம் போடும் அதிகாரம் கிடையாது. வருடத்துக்கு ஒருமுறை திருவனந்தபுரத்தில் கூடி, திவான் முன்னால் குறைகளைச் சொல்லலாம், அவ்வளவுதான். இன்றைய கண்ணுக்கு மனு கொடுக்கும் நாள் மாதிரித்தான் தெரியும். ஆனால் 1911இல் அய்யன்காளி அதற்கு நியமிக்கப்பட்டார். புலையர் குழந்தைகளைப் பள்ளியில் சேர்க்கவும், பொதுவழியில் வில்வண்டி ஓட்டவும் போராடிய மனிதர், நிலவுடைமையாளர்கள் நிறைந்த சபையில் எழுந்து நின்று தன் மக்களுக்கு நிலம் கேட்டார். கேட்டது எவ்வளவு கிடைத்தது என்பது ஒரு கணக்கு. கேட்டது பதிவானது என்பது இன்னொரு கணக்கு.

அதே காலத்தில் நாஞ்சில் நாட்டு வேளாளர்களுக்குள் ஒரு பெரிய வாக்குவாதம் ஓடிக்கொண்டிருந்தது. அவர்களிடம் இருந்தது மருமக்கள்வழி. சொத்து மகனுக்குப் போகாது, சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும். குடும்பத்தைக் காரணவர் ஆள்வார். அவர் கண்ணை மூடினால், அதுவரை அந்த வீட்டில் உழைத்த மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் உகந்துடைமை என்ற பெயரில் ஒரு சிறு பங்கு. அதையும் கோர்ட்டு வழியாகத்தான் வாங்க வேண்டியிருக்கும். மருமக்களுக்கும் மக்களுக்கும் இடையே வழக்கு, காரணவருக்கும் அனந்திரவர்களுக்கும் இடையே வழக்கு. நெல் விற்ற காசு வக்கீல் வீட்டுக்குப் போனது.

இந்த முறை மாறும் என்று முதலில் யார் நம்பியிருப்பார்கள்? பரம்பரை வழக்கம் என்பது ‘வரும்’ வகை எதிர்காலத்தின் உச்சம். அது ஆகாயம் மாதிரி மேலே இருந்துகொண்டே இருக்கும்.

தேரூர்க்காரரான கவிமணி, அதே சமூகத்தில் பிறந்தவர், ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’ என்ற நையாண்டிக் காவியத்தை ‘தமிழன்’ பத்திரிகையில் தொடராக எழுதினார். முதலாம் உலகப்போரின் கடைசி வருடங்கள் அவை. கதையைச் சொல்பவள் ஒரு காரணவரின் ஐந்தாவது மனைவி. மாமியார், நாத்தனார், சக்களத்திகள், மருமகன், வக்கீல் எல்லோரும் வருகிறார்கள். படித்தவர்கள் சிரித்தார்கள். தன் வீட்டையே அதில் பார்த்தவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார்கள்.

பெண் எந்தச் சபையிலும் எழுந்து பேச முடியாத காலத்தில், ஒரு பெண்ணின் வாயால் வழக்கு முழுக்கச் சொல்லப்படுகிறது. எழுதியவர் ஆண்தான், அது உண்மை. ஆனாலும் தலைக்கு மேலே இருந்த ஒரு விஷயம் திண்ணைக்கு இறங்கி வந்துவிட்டது. எதைப் பற்றிச் சிரிக்க முடிகிறதோ அதைப் பற்றிப் பேசவும் முடியும். எதைப் பற்றிப் பேச முடிகிறதோ அது மாறவும் கூடும்.

அரசுக் குழு, கூட்டங்கள், விண்ணப்பங்கள், சபை விவாதம் எல்லாம் தாண்டி 1926இல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்தது. பிள்ளைகளுக்கு அப்பன் சொத்தில் உரிமை பிறந்தது. கூட்டுச் சொத்தைப் பங்கு பிரிக்க வழி பிறந்தது. மருமக்கள்வழியில் பெண்ணுக்குப் பிறந்த வீட்டில் இருந்த பிடிமானம் இதோடு தளர்ந்தது என்ற வாதமும் உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும். எந்தக் கலந்துபேசலும் எல்லோருக்கும் நல்லதைக் கொண்டுவருவதில்லை. ஆனால் எட்டு வயதில் மான்மியத்தைக் கேட்டுச் சிரித்த ஒரு பையன், பதினேழு வயதில் சட்டம் மாறியதைப் பார்த்திருப்பான். வழக்கம் என்பது மனிதர்கள் செய்தது, மனிதர்கள் மாற்றலாம் என்று அவனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியிருக்காது.

அந்தத் தலைமுறைதான் நடுவயதில் இன்னும் பெரிய கேள்வியை எதிர்கொண்டது: நாம் எந்த மாநிலம்? திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ், நேசமணி, ஊர் ஊராகக் கூட்டங்கள், 1954 ஆகஸ்ட் 11இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச்சூடு. 1956 நவம்பர் 1இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் தமிழ்நாட்டோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. தாங்கள் வாழும் மாநிலத்தையே பேசித் தீர்மானிக்கலாம் என்று ஒரு மக்கள் கூட்டம் நினைத்தது. இன்றைக்கு யோசித்தால் எவ்வளவு பெரிய துணிச்சல்!

ஆசைப்படவும் பயிற்சி வேண்டும்

மானுடவியலாளர் அர்ஜுன் அப்பாதுரை 2004இல் ஒரு கட்டுரை எழுதினார். ஆசைப்படுவது ஒரு திறன், அது சமமாகப் பங்கிடப்படவில்லை என்பது அதன் மையக் கருத்து. வசதி உள்ளவருக்கு இங்கிருந்து அங்கே போகும் வழிகள் தெரியும், ஏனென்றால் பலமுறை போய்ப் பார்த்திருக்கிறார். ஏழைக்கும் கனவு உண்டு, ஆனால் இடையில் உள்ள பாதை தெரியாது, நடந்துபார்க்க வாய்ப்பு கிடைத்ததில்லை. மும்பைக் குடிசைவாசிகளின் அமைப்புகள் கூடிப் பேசி, தாங்களே கணக்கெடுத்து, வீட்டு மாதிரி செய்து அதிகாரிகளிடம் காட்டியதை அவர் பார்த்தார். அந்தத் திறனுக்கான பயிற்சிக்கூடம் அதுதான் என்றார்.

பரோமிதா சன்யாலும் விஜயேந்திர ராவும் தமிழ்நாடு உட்பட நான்கு தென்மாநிலங்களின் சுமார் 300 கிராம சபைக் கூட்டங்களின் பேச்சைப் பதிவுசெய்து ஆராய்ந்தார்கள். 2019இல் அது புத்தகமாக வந்தது. கிராம சபையால் ரோடு வந்ததா, குழாய் வந்ததா என்பதோடு அவர்கள் நிற்கவில்லை. தாழ்த்தப்பட்டவர்களும் பெண்களும் ஊரின் முன்னால் எழுந்து, அதிகாரியை நேராகப் பார்த்து, கெஞ்சாமல் கேட்க ஓர் இடம் இருப்பது அவர்களது கண்ணியத்தை என்ன செய்கிறது என்றும் பார்த்தார்கள். அய்யன்காளியின் இரண்டாவது கணக்கு அது.

ஜப்பானில் இவாத்தே மாகாணத்தின் யஹாபா என்ற சிறு நகரம் 2015இல் இன்னும் ஒரு படி போனது. நகரத்தின் வருங்காலத் திட்டம் பற்றிப் பேசக் கூடியவர்களில் ஒரு பகுதியினரை, ‘நீங்கள் 2060இல் வாழ்பவர்கள்’ என்று பாவித்துப் பேசச் சொன்னார்கள். தத்சுயோஷி சைஜோ என்ற பொருளாதார அறிஞரின் யோசனை இது. இன்றைய மனிதர்களாகப் பேசியவர்கள் இன்றைய குறைகளையே நீட்டிப் பேசினார்கள். 2060இன் மனிதர்களாகப் பேசியவர்களோ துணிந்து யோசித்தார்கள், ஊரின் பலங்களைக் கண்டுபிடித்தார்கள், கடினமான காரியத்தையும் முதலில் எடுத்தார்கள். இன்னும் பிறக்காதவர்களையும் ‘நாம்’ என்பதற்குள் சேர்த்துப் பேசிய பரிசோதனை அது.

அவை இல்லாத ஊர்

இப்போது மயிலாடிக்கு வருவோம். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994இன்படி கிராம ஊராட்சிகளில் கிராம சபை உண்டு. குடியரசு தினம், தண்ணீர் தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, உள்ளாட்சி தினம் என வருடத்துக்கு ஆறு முறை. டிவியில் பார்க்கிறோம், நம்மூரில் ஏன் நடக்கவில்லை என்று கேட்டால் பதில் எளிது. மயிலாடி ஊராட்சி அல்ல, பேரூராட்சி. கிராம சபைச் சட்டம் பேரூராட்சிக்குப் பொருந்தாது.

குமரி மாவட்டத்தில் கிராம ஊராட்சிகள் 95தான். பேரூராட்சிகள் ஏறக்குறைய ஐம்பது. சில மாவட்டங்களில் பேரூராட்சிகளை விரல்விட்டு எண்ணலாம். எழுத்தறிவில் முன்னால் நிற்கும் மாவட்டம், வீட்டுக்கு வீடு நியூஸ்பேப்பர் படிக்கும் மாவட்டம், பன்னிரண்டு பிடாகை கூடிப் பேசிய நாடு. அதன் பெரும்பகுதிக்குக் கிராம சபை கிடையாது, ஏனென்றால் அது ‘வளர்ந்துவிட்டது’. வளர்ச்சிக்குப் பரிசாகப் பேசும் உரிமையைக் கழித்துக்கொண்டார்கள்.

நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கென்று 2022இல் வார்டு குழு, பகுதி சபை என்ற ஏற்பாடு வந்தது. அந்த நவம்பர் 1இல் பல ஊர்களில் பகுதி சபைகள் கூடின. காகிதத்தில் நல்ல விஷயம். ஆனால் உங்கள் பகுதி சபை கடைசியாக எப்போது கூடியது என்று இதைப் படிக்கிறவர்களில் எத்தனை பேரால் சொல்ல முடியும்? கிராம சபைக்காவது நாள் குறித்துவைத்து ஊரே அறிந்திருக்கிறது. பகுதி சபை என்று ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது.

மயிலாடிக்குப் பேச விஷயம் இல்லாமல் இல்லை. இது கல் செதுக்கும் ஊர். மயிலாடிக் கற்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. பட்டறைகளைக் கடந்து போனால் உளிச் சத்தத்தோடு மெஷின் சத்தமும் சேர்ந்து கேட்கும். இனி கல் எங்கிருந்து வரும்? மலையை எவ்வளவு உடைக்கலாம்? நுரையீரலில் இறங்கும் தூசியை என்ன செய்வது? கணினி சொன்னபடி செதுக்கும் இயந்திரம் வந்தால் கையால் செதுக்குபவருக்கு என்ன விலை? சிற்பியின் மகன் சிற்பி ஆகணுமா? மகள் ஆகக் கூடாதா? இவற்றில் எதற்கும் எனக்குப் பதில் தெரியாது. என்னிடம் கேட்கவும் கூடாது, நான் லேப்டாப்பில் பிழைப்பவன். கேட்க வேண்டியவர்கள் பட்டறையில் இருக்கிறார்கள், வயலில் இருக்கிறார்கள், பேருந்து நிறுத்தத்தில் காலேஜ் பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறார்கள். இவர்கள் ஒவ்வொருவரும் தனித்தனியாக யோசிக்கிறார்கள். தனித்தனியாக யோசிப்பதால் எல்லோருக்கும் கிடைப்பது ஒரே பதில்: “என்னத்தச் செய்ய? எல்லாம் மேல உள்ளவங்க பாத்துக்கிடுவாங்க. நீ வெளிய போய்ப் பொழச்சுக்கோ.”

இந்த வாக்கியத்தை நாம் சோம்பல் என்றோ அவநம்பிக்கை என்றோ சொல்லிவிடுகிறோம். முந்நூறு வருடத்தைத் திரும்பிப் பார்த்தால், கூடி உட்கார இடம் இல்லாதவர்களின் இயல்பான மொழி அது என்று தெரிகிறது. நாட்டார் கூட்டத்துக்கு வெளியே நின்றவர்கள் பேசிய மொழியும் அதுவாகத்தான் இருந்திருக்கும். வித்தியாசம், அன்றைக்கு வெளியே நின்றது ஒரு பகுதி, இன்றைக்கு ஊர் முழுக்க வெளியே நிற்கிறது.

கூடிப் பேசினால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கூட்டத்தில் சத்தமாகப் பேசுகிறவர் ஜெயிப்பார், சாதி வந்து முன்வரிசையில் உட்காரும், தீர்மான நோட்டில் கையெழுத்து மட்டும் வாங்கிப் போவார்கள். அப்படியும் 1926க்குப் பிறகு வழக்கத்தைப் பார்த்த கண் வேறு, 1956க்குப் பிறகு எல்லைக்கோட்டைப் பார்த்த கண் வேறு.

மயிலாடியில் ஒரு வார்டில், ஒரு பகுதி சபை, ஒரே ஒரு கேள்வியோடு கூடட்டும். தெருவிளக்கு, சாக்கடை எல்லாம் அடுத்த கூட்டத்துக்கு. முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: கல் கிடைக்காமல் போனால், நாம் என்ன செய்வோம்? கல் உடைப்பவரும், செதுக்குபவரும், சாம்பவர் தெருக்காரரும், கடை வைத்திருப்பவரும், பிளஸ் டூ படிக்கும் பெண்ணும் அந்த ‘நாம்’ என்பதற்குள் உட்கார்ந்திருக்க வேண்டும். பதிலை நோட்டில் எழுதி வைக்க வேண்டும். நாட்டார் ஓலையில் எழுதி வைத்தார்கள், அதனால்தான் அவர்கள் பயந்ததும் பயத்தைப் பங்கு போட்டதும் நமக்குத் தெரிகிறது.